பிறப்பதற்கு முன்பே நிலம் விற்றவர்

புதன் இரவு, நெல்லை எக்ஸ்பிரஸ்

செங்கல்பட்டு தாண்டியாயிற்று. எதிர்ப் படுக்கைக்காரர் விளக்கை அணைக்கச் சொல்வதற்குள் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன்.

1983இல் பெரியப்பா ஒரு சார்ட் பேப்பரில் எங்கள் வம்சாவளியை வரைந்தார். ஊர் ஊராக இன்லண்ட் லெட்டர் போட்டு, கல்யாண வீடுகளில் கிழவிகளைப் பிடித்து உட்கார வைத்து, இரண்டு வருஷம் சேகரித்தது. உச்சியில் இரட்டைக் கோடு போட்ட கட்டத்துக்குள் என் பூட்டன் சுடலைமுத்து. பெயருக்குக் கீழே 'தாது வருஷம், ஐப்பசி'. இரண்டு பக்கமும் இரண்டு மனைவிகள். மூத்தவளுக்கு ஒரு மகள், இளையவளுக்கு என் தாத்தாவும் அவருடைய தம்பிகளும். குடும்பத்தில் எல்லார் வீட்டிலும் இதன் ஜெராக்ஸ் இருக்கிறது. எங்கள் வீட்டில் சாமி அலமாரிக்குள்ளேயே இருக்கிறது.

போன தீபாவளிக்குப் பெரியப்பாவின் டிரங்குப் பெட்டியை ஒழித்தபோது ஒரு பத்திர நகல் கிடைத்தது. 1869, சுக்கில வருஷம் ஆடி மாதம், கொல்லம் ஆண்டுக் கணக்கில் 1044. சுடலைமுத்து என்பவர் ஒரு புஞ்சையை 140 ரூபாய்க்கு விற்கிறார். ஊர் எங்கள் ஊர். நிலமும் பிறகு எங்கள் குடும்பம் திரும்ப வாங்கிய அதே நிலம்.

தாது வருஷம் என்றால் 1876. தாது வருஷப் பஞ்சம் என்று பெயரே இருக்கிறதே, அந்த வருஷம். அப்படியானால் பூட்டன் பிறப்பதற்கு ஏழு வருஷம் முன்பே நிலம் விற்றிருக்கிறார்.

சித்தப்பாவிடம் சொன்னேன். அவர் அசரவில்லை. "தாது அறுபது வருஷத்துக்கு ஒருக்க வரும்லா? அது 1816ஆ இருக்கும்" என்றார். தாத்தா பிறந்தது 1905. அப்படிப் பார்த்தால் பூட்டனுக்கு அப்போது 89 வயது ஆகிறதே என்றேன். "அந்தக் காலத்து உடம்பு" என்றார். தம்பிமார் அதற்கும் பிறகு பிறந்தவர்கள். கடைக்குட்டிக்கு அப்பனாகும்போது பூட்டனுக்குத் தொண்ணூற்றெட்டு.

சரி, போய்ப் பார்த்துவிட்டே வந்துவிடுவோம் என்று கிளம்பியாயிற்று. விளக்கை அணைக்கச் சொல்லிவிட்டார்.

வியாழன், உடன்குடி

திருநெல்வேலியில் இறங்கித் திருச்செந்தூர் பஸ். ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி என்று தாமிரபரணி கூடவே வருகிற வழி. திருச்செந்தூரில் அறை போட்டுவிட்டு, மத்தியானம் உடன்குடியில் அத்தை வீடு. அத்தை பெரியப்பாவுக்கு நேர் இளையவள். எண்பதைத் தாண்டிவிட்டாள், காது மட்டும் கொஞ்சம் மந்தம். போனவுடன் கருப்பட்டிக் காப்பி. உடன்குடிக்காரர்கள் வீட்டில் சீனி கேட்பது மரியாதை இல்லை.

"பாட்டையாவோட சாதகம் எங்கிட்ட இருக்குடே. அண்ணன் கேட்டான், நான் குடுக்கல" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. 1983இல் இந்த ஓலையைக் கொடுத்திருந்தால் நான் ரயில் ஏறியிருக்கவே வேண்டாம். ஏன் கொடுக்கவில்லை என்றதற்கு, "அவன் வாங்குனத எதத் திருப்பிக் குடுத்திருக்கான்?"

ஓலை ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவு. அத்தை விளக்குக் கரியை விரலால் தடவித் துணியால் துடைத்ததும் கீறல்கள் கறுப்பாக மேலே வந்தன. எல்லா ஜாதகத்திலும் வருகிற 'ஜனனீ ஜன்ம சௌக்யானாம்' முதல் வரி. அடுத்த வரியில் வருஷம், மாதம். மெய்யெழுத்துக்குப் புள்ளி கிடையாது. ரகரத்துக்கும் காலுக்கும் வித்தியாசம் கிடையாது. 'தாது' என்பதைத் 'தரது' என்றும் படிக்கலாம். வருஷப் பெயர் என்று தெரிந்தவனுக்குத்தான் அது தாது. ஐப்பசி தெளிவாக இருந்தது. அதற்கடுத்து 'கொல்லம்' என்று எழுதி, எண் இருக்க வேண்டிய இடத்தில், பூச்சி தின்ற ஓட்டை. அரை விரல் அகலம். நூற்றுச் சொச்சம் எழுத்துள்ள ஓலையில் அந்தப் பூச்சிக்கு வேறு இடமே கிடைக்கவில்லை.

திருநெல்வேலிப் பக்கத்துப் பழைய ஆவணங்களில் கொல்லம் ஆண்டு இருப்பது பெரிய வரம். தமிழ் வருஷம் அறுபதுக்கு ஒருமுறை திரும்பி வந்து குழப்பும். கொல்லம் திரும்பி வராது. ஆவணியில் புது ஆண்டு பிறக்கும். அன்றுமுதல் டிசம்பர் வரை 824ஐயும், ஜனவரி முதல் ஆடி முடியும் வரை 825ஐயும் கூட்டினால் ஆங்கில ஆண்டு. ஓட்டைக்குள் இருந்தது 1052 என்றால் 1876. 992 என்றால் 1816, சித்தப்பா ஜெயித்தார்.

சாயங்காலம் திருச்செந்தூரில் ஒரு ஜோதிடரிடம் போனேன். எனக்கு ஜோதிடத்தில் நம்பிக்கை இல்லை. ஆனால் ராசிக் கட்டம் என்பது பிறந்த நேரத்து வானத்தின் படம்தானே, அதற்கு நம்பிக்கை எதற்கு? குரு, சனி எங்கே என்று பார்த்தால் ஆண்டு தெரிந்துவிடுமே என்றேன். அவர் சிரித்தார். குரு சுற்றி வர ஏறக்குறைய 12 வருஷம், சனிக்கு ஏறக்குறைய 30. அறுபது வருஷம் கழித்து இரண்டு பேருமே கிட்டத்தட்ட பழைய இடத்துக்கே வந்து நிற்பார்கள். அறுபது வருஷச் சுழற்சி என்பதே அந்தக் கணக்குத்தான். அவர்களை வைத்து அடித்துச் சொல்ல முடியாது.

"ராகுவப் பாப்போம் அண்ணாச்சி" என்றார். ராகுவுக்கு ஒரு சுற்று 18 வருஷம், சில மாதம். அறுபதுக்குள் அது சரியாக அடங்காது. இரண்டு மூன்று ராசி தள்ளிப் போய்விடும். ஓலையில் 'ரா' கும்பத்தில் இருந்தது ('ரர' என்றுதான் தெரிந்தது, ரகரம் ஜோதிடருக்குப் பழக்கம்). லேப்டாப்பில் 1816 ஐப்பசியைப் போட்டார்: ராகு ரிஷபத்தில். 1876 ஐப்பசி: கும்பத்தில்.

பூட்டன் பிறந்தது 1876தான். அப்படியானால் 1869இல் நிலம் விற்றவர் வேறு ஒரு சுடலைமுத்து. தட்சணை 200 ரூபாய். சித்தப்பாவுக்கு வாட்ஸ்அப்பில் கட்டத்தை அனுப்பினேன். நீல டிக் விழுந்தது, பதில் இல்லை.

வெள்ளி, சார்பதிவாளர் அலுவலகம்

பேரனுக்குப் பாட்டன் பெயர் வைப்பது எங்கள் பக்கம் சட்டம் மாதிரி. ஆகவே இரண்டு சுடலைமுத்துகள் என்றால் பாட்டனும் பேரனும் என்றுதான் முதல் ஊகம். நடுவில் ஒரு ஆள் இருந்தாக வேண்டும். அவர் பெரியப்பாவின் வரைபடத்தில் இல்லை.

பத்திரப் பதிவு 1864ஆம் ஆண்டுச் சட்டத்தோடு வந்தது. நூறு ரூபாயும் அதற்கு மேலும் பெறுகிற நிலம், வீட்டுப் பத்திரங்களைக் கட்டாயம் பதிய வேண்டும் என்று வைத்ததில் நம்மைப் போன்றவர்களுக்கு லாபம். பத்திரத்தை அப்படியே கையால் பெயர்த்து எழுதி வைத்த முதலாம் புத்தகத் தொகுதிகளும், பெயர்வாரி, சொத்துவாரி அட்டவணைகளும்தான் நமக்கு வேண்டியவை. இணையத்தில் கிடைக்கிற வில்லங்கச் சான்று இவ்வளவு பின்னால் போகாது. மனு எழுதி, தேடுதல் கட்டணம் கட்டி, ஆள் தேடி எடுத்துத் தர வேண்டும்.

காலையில் போனேன், அன்று முகூர்த்த நாள். டோக்கன் கூட்டம் வாசல் வரை. பழைய தொகுதி என்றதும் ஒருவர் முகத்தைச் சுளித்தார், இன்னொருவர் நாலு மணிக்கு வரச் சொன்னார். வெளியே பத்திர எழுத்தர் கொட்டகையில் மத்தியானம் முழுக்க உட்கார்ந்து மோர் குடித்தேன்.

நாலரைக்கு 1901ஆம் ஆண்டு அடமானப் பத்திரம் ஒன்று கையில் வந்தது. படம் எடுக்கக் கூடாது, படித்துக்கொள்ளலாம், நகல் மனு போட்டால் நகல் வரும். தேதியில் ௵, ௴, ௳ என்று குறிகள். வருஷம், மாதம், நாள். தொகைக்கு முன்னால் ௹. எண்கள் தமிழில்: ஆயிரத்துக்கு ௲, நூறுக்கு ௱, பத்துக்கு ௰. அந்த எழுத்தர் கையில் பத்து அப்படியே 'ய' மாதிரி இருந்தது. சர்வே எண் எங்கும் இல்லை. இத்தனை மரக்கால் விதைப்பாடு, பனை 40, வடலி (இளம்பனை) 12 என்று நிலத்தைச் சொல்லியிருந்தார்கள். பனை எண்ணிச் சொத்து சொல்கிற ஊர் எங்களுடையது.

எழுதிக் கொடுத்தவர்: ஆறுமுகம் குமாரன் சுடலைமுத்து.

ஆறுமுகம்! பூட்டனுக்கு அப்பன், எனக்கு ஓட்டன். 56 வயதில் முதல் தடவையாக அந்தப் பெயரைக் கேள்விப்படுகிறேன். உடனே பெயர் அட்டவணையில் 'ஆ' தேடச் சொன்னேன். 1870 முதல் 1900 வரை எங்கள் ஊர் ஆறுமுகம் ஒருவர்கூட இல்லை. சிறுவயதிலேயே போய்விட்டார் போல. பஞ்சத்தில் இறந்திருப்பார் என்று முடிவு கட்டிக்கொண்டேன்.

பத்திரத்தில் இன்னொன்றும் குறித்துக்கொண்டேன், பெரிய காரணம் எதுவும் இல்லாமல். நான்கெல்லையில் வடக்கே 'வேதமாணிக்கம் விளை'. பக்கத்து நிலக்காரர், கிறிஸ்தவர். இந்தப் பக்கத்தில் பாதி ஊர் அப்படித்தான்.

சனி, தேரிக்காடு

அலுவலகம் இல்லை. குலதெய்வம் சாஸ்தா கோயிலுக்குப் போனேன். எங்கள் மாவட்டத்தில் ஒருவன் யார் என்று கேட்பதற்குப் பதில் 'உங்க சாஸ்தா எது?' என்று கேட்டால் போதும். பங்குனி உத்திரத்துக்கு வரி கொடுக்கிற தலைக்கட்டுப் பட்டியல் கோயில் நோட்டில் இருக்கும். நல்ல ஆவணம்தான். ஆனால் இங்கே மிஞ்சியிருக்கிற நோட்டு பூட்டன் காலத்துக்குப் பிந்தியது.

செம்மண் தேரியில் நடந்தே திரும்பினேன். கால் கணுக்கால் வரை புதைகிறது. வழியில் பனையடியில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தேன். எந்த வகையறா என்று விசாரித்துவிட்டு, "வேதமாணிக்கம் விளையா? அது உங்க வகையறா நிலம்தானே. எங்க அப்பா சொல்லுவாக, பங்காளி நிலம்னு" என்றார்.

பங்காளியா?

இன்றைக்கு இவ்வளவுதான். கால் வலி.

ஞாயிறு, பக்கத்து ஊர்ச் சேகரம்

பஸ்ஸில் போகும்போது மெஞ்ஞானபுரம் தேவாலயக் கோபுரம் பனைகளுக்கு மேலே வெகு தூரத்திலிருந்தே தெரிந்தது. 192 அடி. இந்த மணற்காட்டில் அதை ஏற்றிவிட்டதை நினைத்தால் இப்போதும் ஆச்சரியம்தான். நான் போனது அங்கே இல்லை, இன்னும் கொஞ்சம் தள்ளி, சிறிய கோயில்.

ஆராதனை முடியும்வரை வேப்பமரத்தடியில் காத்திருந்தேன். சேகர குரு, அதாவது அந்தச் சபை வட்டாரத்தின் பாதிரியார், இளைஞர். விஷயத்தைச் சொன்னதும், "தாது வருஷமா? அப்ப எங்க புத்தகத்துல நெறைய எழுத்து இருக்கும்" என்றார். உண்மைதான். 1877, 78இல், கால்டுவெல் பேராயராகியிருந்த சமயம், பஞ்சத்தோடு பஞ்சமாக இந்த ஜில்லாவில் ஆயிரக்கணக்கானவர்கள் சபைகளில் சேர்ந்தார்கள். கஞ்சிக்காகச் சேர்ந்தார்கள் என்று ஒரு பக்கம் சொல்வார்கள், விசுவாசத்தால் என்று இன்னொரு பக்கம். ஞானஸ்நானப் பதிவேட்டில் காரணம் எழுத ஒரு கட்டம் இல்லை.

கோயிலைப் பார்த்துக்கொள்கிற கோயில்பிள்ளை அலமாரியைத் திறந்து, துணியில் சுற்றிய புத்தகத்தை எடுத்து வந்தார். நாஃப்தலின் உருண்டை வாடை. மை பழுப்பாகியிருந்ததே தவிர எழுத்து அச்சுப் போல இருந்தது. உபதேசியார் யாரோ நிதானமாக எழுதியிருக்கிறார். 1878 ஆகஸ்ட். புதுப் பெயர்: வேதமாணிக்கம். முந்தின பெயர்: ஆறுமுகம். தகப்பன் பெயர்: சுடலைமுத்து. வயது 27. ஊர் எங்கள் ஊர். கீழே அடுத்த வரியில் அவர் மனைவி, வயது 22, அவளுக்கும் புதுப் பெயர். குழந்தைகள் என்று யாரும் இல்லை.

அப்போது பூட்டனுக்கு வயது இரண்டு நிரம்பியிருக்காது.

மூன்று முறை படித்தேன். மறுபடி பக்கம் புரட்டினேன், ஒருவேளை குழந்தைக்குத் தனியாக, வேறு தேதியில் இருக்குமோ என்று. 1878 முழுக்க, 79 முழுக்க இல்லை. 1881இல் ஒரு மகன், 1884இல் ஒரு மகள், 1887இல் இன்னொரு மகன் அந்தத் தம்பதிக்கு. எல்லாம் இங்கேயே ஞானஸ்நானம். அடக்கப் பதிவேட்டில் வேதமாணிக்கம், 1902. ஆக, 1901 அடமானப் பத்திரம் எழுதியபோது ஓட்டன் நடந்துபோகிற தூரத்தில் உயிரோடு இருந்திருக்கிறார். நான் வெள்ளிக்கிழமை அவரைப் பஞ்சத்தில் சாகடித்தேன்.

கோயில்பிள்ளை, "அவுங்க பேரம் பேத்திமாரு இப்ப தூத்துக்குடில இருக்காங்க. அசன விருந்துக்கு வருஷா வருஷம் வருவாங்க" என்று சொல்லி ஒரு கைபேசி எண்ணை எழுதிக் கொடுத்தார். சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். இன்று கூப்பிடவில்லை. என்னவென்று சொல்லி ஆரம்பிப்பது?

திங்கள், மறுபடி அலுவலகம், பிறகு அத்தை வீடு

பெயர் அட்டவணையின் பெரிய வம்பு இது. எந்தப் பெயரில் தேட வேண்டும் என்று தெரியாதவரை, உள்ளே இருப்பது இல்லாததுதான். வெள்ளிக்கிழமை 'ஆ'வில் தேடினேன். இன்று 'வே'யில் தேடச் சொன்னேன். அரை மணி நேரத்தில் வந்துவிட்டது. அதே ஊழியர்தான், இன்று டீ வாங்கிக் கொடுத்தார்.

1880, விக்கிரம வருஷம், ஆவணி, கொல்லம் 1056. விடுதலைப் பத்திரம். ஆறுமுகம் என்கிற வேதமாணிக்கம், பிதுரார்ஜித (முன்னோர் வழி) சொத்தில் தனக்குள்ள பாத்தியதையை, வடக்கேயுள்ள விளை ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, விட்டுக் கொடுக்கிறார். யாருக்கு? மைனர் சுடலைமுத்துவுக்கு. மைனருக்குக் கார்டியன், பாட்டனார் சுடலைமுத்து. இரண்டு பேரும் ஒரே வரியில்.

மதம் மாறியவர் என்பதால் சொத்தில் உரிமை போய்விடவில்லை. 1850ஆம் ஆண்டின் 21ஆம் சட்டம் அந்த உரிமையைக் காப்பாற்றியிருந்தது. ஆகவேதான் பாட்டனுக்கு இந்தக் கையெழுத்து தேவைப்பட்டிருக்கிறது. மகன் கேட்டால் பாதியைப் பிரித்துக் கொடுத்தாக வேண்டும். அவர் கேட்கவில்லை, அல்லது கேட்டு இந்த விளையோடு முடித்துக்கொண்டார்கள். பிள்ளையைக் கொடுத்தாரா, பாட்டன் பிடித்து வைத்துக்கொண்டாரா என்பதற்குப் பத்திரத்தில் ஒரு சொல் இல்லை. பிள்ளையைப் பெற்றவள் பெயரே இல்லை. முடிவில் வேதமாணிக்கம் 'கைநாட்டு' அல்ல, 'கையெழுத்து' என்றிருந்தது. படித்தவர்.

பேரன் பாட்டன் வீட்டிலேயே வளர்ந்தான். ஒரே பெயர். வீட்டுப் பெண்கள் மாமனார் பெயரை வாயால் சொல்ல மாட்டார்கள் என்பதால் இரண்டு பேருமே 'பாட்டையா'தான். நடுவில் இருந்தவரைப் பற்றிப் பேசக் கூடாது. நூறு வருஷம் கழித்துப் பெரியப்பா இன்லண்ட் லெட்டரோடு வந்தபோது, இரண்டு பாட்டையாக்களும் ஒரே ஆளாக ஒட்டிப் போயிருந்தார்கள்.

நகல் மனு கொடுத்துவிட்டு சாயங்காலம் அத்தை வீட்டுக்குப் போனேன். சார்ட்டின் ஜெராக்ஸை விரித்து, பென்சிலால் போட்டுக் காட்டினேன். 'மூத்த மனைவி' என்று பெரியப்பா எழுதியிருந்தது பெரிய சுடலைமுத்துவின் மனைவி. 'இளைய மனைவி' என்றிருந்தது பேரன் சுடலைமுத்துவின் மனைவி.

அத்தை கொஞ்ச நேரம் கட்டங்களையே பார்த்தாள். பிறகு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். "அடப்பாவி அண்ணா! பாட்டியாவையும் பேரம் பொண்டாட்டியையும் சக்களத்தியா ஆக்கிட்டியேடே!" கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மூத்தாளுக்கு ஒரு மகள் என்று பெரியப்பா போட்டிருந்தாரே, அவள் ஆறுமுகத்தின் தங்கை. தாத்தாவுக்கு அக்கா அல்ல, அத்தைப் பாட்டி. அதையும் இரண்டு தலைமுறை மேலே ஏற்றினேன். ஆறுமுகத்துக்குத்தான் இடம் இல்லை. பெரியப்பா கட்டங்களை நெருக்கிப் போட்டிருந்தார். காலண்டர் தாளில் ஒரு துண்டு கிழித்து, பெயரும் அடைப்புக்குள் 1851 வாக்கில் – 1902 என்றும் எழுதி, அத்தை கொண்டு வந்த சோற்றுப் பருக்கையால் ஒட்டினேன். எந்தப் பெயரை எழுதுவது என்று தயங்கி, பத்திரத்தில் இருந்தபடியே 'ஆறுமுகம் என்கிற வேதமாணிக்கம்' என்று போட்டேன். அவர் மனைவி பெயரையும், பிறகு பிறந்த மூன்று பிள்ளைகளையும் பக்கத்தில் எழுதினேன். துண்டு சார்ட்டைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

சித்தப்பா இப்போதுதான் பதில் போட்டிருக்கிறார்: "ராகு கணக்கெல்லாம் ஒத்துக்க முடியாது." பத்திரத்திலிருந்து எழுதி வந்ததை அனுப்பினேன். மறுபடி நீல டிக்.

அத்தை அந்த மூன்று பெயர்களைக் கண்ணாடி போட்டுக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

"தூத்துக்குடியிலயா இருக்காக?"

"ஆமா அத்தை. நம்பர் இருக்கு."

"வார ஆவணியில பேத்திக்குக் கல்யாணம் வச்சிருக்கு. பங்காளின்னா பத்திரிகை தபால்ல போடக் கூடாதுடே, நேர்ல போயித்தான் வைக்கணும். என்னையும் கூட்டிட்டுப் போறியா?"